142-ம் 101-ம் ஒரே பிள்ளையின் தாளில் வந்தால்

மகளுக்கு எட்டு வயது இரண்டு மாதம் இருந்தபோது பள்ளியிலிருந்து பதினான்கு பக்க அறிக்கை ஒன்று வந்தது. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். இங்கே பள்ளி மாவட்டங்களில் சைல்டு ஸ்டடி டீம் என்று ஒரு குழு இருக்கும். ஓர் உளவியலாளர், கற்றல் சிரமங்களைப் பார்க்கிற ஓர் ஆலோசகர், ஒரு சமூகப் பணியாளர் அதில் உண்டு. அந்த ஆலோசகர் இரண்டு காலை நேரம் மகளோடு தனியாக உட்கார்ந்து வயாட் (WIAT) என்கிற சோதனையை நடத்தியிருந்தார். கணக்குப் புதிர்களில் 142. வாசித்துப் புரிந்துகொள்வதில் 138. வேகமாகக் கூட்டிக் கழிப்பதில் 103. ஸ்பெல்லிங்கில் 101. மொத்தம் 124.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "நூத்துக்கு நூத்தியொண்ணு எப்படி வரும்?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. கணவர் தாளைப் பார்த்துவிட்டு, "எல்லாமே ஆவரேஜுக்கு மேலதானே, விடு" என்றார். வகுப்பு ஆசிரியையும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஆனால் தினமும் சாயங்காலம் நான்கு வரி எழுதச் சொன்னால் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு அழுகிற பிள்ளை என் வீட்டில் இருந்தாள். அந்த அழுகைக்கும் இந்த 101-க்கும் என்ன தொடர்பு என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. உங்கள் கையிலும் இப்படி ஒரு தாள் இருந்தால் அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

முதலில் இது எந்தத் தாள் என்று பாருங்கள்

அமெரிக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு வருஷத்தில் நாலைந்து வகை மதிப்பெண் வீட்டுக்கு வரும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு ஒரே மாதிரி படித்ததுதான் நான் செய்த முதல் தவறு.

வயாட், உட்காக்-ஜான்சன், காஃப்மன் ஆகியவை ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்து நடத்துகிற சாதனைச் சோதனைகள். பிள்ளை இதுவரை எதைக் கற்றிருக்கிறாள் என்று அவை பார்க்கின்றன. மேப் (MAP) என்பது வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பள்ளியில் கணினியில் எழுதுகிற தேர்வு. என்ஜேஎஸ்எல்ஏ (NJSLA) என்பது மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிற மாநிலத் தேர்வு. மகள் எழுதியபோது அதில் மதிப்பெண் 650 முதல் 850 வரை இருந்தது, 750 எடுத்தால் அந்த வகுப்புக்குரியதைக் கற்றுவிட்டாள் என்று அர்த்தம். கிஃப்டட் வகுப்புக்காக, அதாவது மிகக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான வகுப்புக்காக, பல மாவட்டங்கள் வைக்கிற கோகேட் (CogAT) சாதனைத் தேர்வே இல்லை. அது யோசிக்கும் திறனைப் பார்ப்பது. அதிலும் நடு மதிப்பு 100-தான், ஆனால் பரவல் (நடுவிலிருந்து எண்கள் பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது) 16. வயாட்டில் பரவல் 15. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடக் கூடாது.

100 என்பது நடு

நூற்றுக்கு எத்தனை என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். சென்டம் என்றால் சிகரம். வயாட் போன்ற சோதனையில் 100 என்பது அதே வயதுப் பிள்ளைகளின் வரிசையில் நட்டநடு இடம். நூறு பிள்ளைகளில் 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். 130-ஐத் தாண்டுகிறவர்கள் சுமார் இரண்டு பேர். 145-ஐத் தாண்ட ஆயிரத்தில் ஒரு பிள்ளையைத் தேட வேண்டும். அதனால் 142 என்பது "நிறைய" என்கிற சொல்லுக்குள் அடங்காத இடம். 101 என்பது வகுப்பில் நடு பெஞ்ச்.

பக்கத்தில் இன்னொரு நிரலில் பெர்சென்டைல் இருக்கும். இதைச் சதவீதம் என்று படித்துவிடாதீர்கள். ஜேஇஇ மெயின் எழுதிய பிள்ளை உள்ள வீடுகளுக்கு இது தெரியும். 91 பெர்சென்டைல் என்றால் நூறில் 91 பேரைவிட மேலே என்று பொருள், 91 கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாள் என்று பொருளில்லை. 142, 101 போன்ற எண்களுக்கு ஸ்டாண்டர்டு ஸ்கோர் என்று பெயர். ஸ்டாண்டர்டு ஸ்கோர் 120-க்கு இணையானது அந்த 91.

பெர்சென்டைலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில் அது தாராளமாக நகரும், ஓரத்தில் நகரவே நகராது. 100-லிருந்து 102-க்குப் போனாலே 50 பெர்சென்டைல் 55 ஆகிவிடும். ஆனால் 98-லிருந்து 99.9-க்குப் போக 131-லிருந்து 146 வரை ஏற வேண்டும். பள்ளித் தாளில் வெறும் "99" என்று அச்சிட்டிருந்தால், 135 எடுத்த பிள்ளையும் 150 எடுத்த பிள்ளையும் அங்கே ஒன்றுதான். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வகுப்பில் தேவைப்படுவது ஒன்றில்லை. அதனால் மேல்நுனியில் இருக்கிற பிள்ளைக்கு ஸ்டாண்டர்டு ஸ்கோரையே கேட்டு வாங்குங்கள்.

"ஏழாம் வகுப்பு அளவு" என்று சொன்னால் நம்ப வேண்டாம்

எங்கள் அறிக்கையில் கணக்குக்கு நேரே கிரேடு ஈக்விவலன்ட் 7.4 என்று இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வகுப்புக் கணக்குப் போடுகிறாள் என்று நினைத்து அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதன் உண்மையான அர்த்தம் வேறு. ஏழாம் வகுப்பில் நான்கு மாதம் படித்த சராசரிப் பிள்ளை இதே சோதனையில் எத்தனை கேள்வி சரியாகச் செய்வானோ, அத்தனை இவளும் சரியாகச் செய்திருக்கிறாள். அவ்வளவுதான். எதிர்ம எண்களோ விகிதங்களோ அவள் இன்னும் பார்த்ததுகூட இல்லை. இந்த நிரலை நான் பேனாவால் அடித்துவிட்டேன், நீங்களும் அடித்துவிடலாம்.

ஒரு எண் இல்லை, ஒரு தூரம்

142-க்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் 134–150 என்று இருந்தது. ஸ்பெல்லிங்குக்கு 94–108. இதுதான் கான்ஃபிடன்ஸ் இன்டர்வல். எந்தச் சோதனையிலும் கொஞ்சம் பிழை இருக்கும். பிள்ளை சரியாகத் தூங்காமல் இருக்கலாம், பசியாக இருக்கலாம், ஒரு கேள்வி அதிர்ஷ்டவசமாகத் தெரிந்ததாக இருக்கலாம். ஆகவே உண்மை அளவு பெரும்பாலும் இந்தத் தூரத்துக்குள் எங்கேயோ இருக்கும் என்று சொல்கிறார்கள்.

கிஃப்டட் வகுப்புக்கு 130 வேண்டும் என்று ஒரு வரம்பு இருந்து, பிள்ளை 128 எடுத்து வெளியே நின்றால் இந்தத் தூரம் உங்களுக்குக் கை கொடுக்கும். 128 எடுத்த பிள்ளையும் 131 எடுத்த பிள்ளையும் அளவுகோலின் கண்ணுக்கு ஒரே பிள்ளைதான். நியூ ஜெர்சியில் 2020 ஜனவரியில் கையெழுத்தான கிஃப்டட் கல்விச் சட்டப்படி, பிள்ளைகளை அடையாளம் காண ஒரே ஒரு அளவை வைக்கக் கூடாது, பல அளவைகள் வேண்டும். ஒரு எண்ணை மட்டும் காட்டிக் கதவைச் சாத்தினால், "வேறு எதையெல்லாம் பார்த்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

எங்கள் விஷயத்தில் இந்தத் தூரங்கள் வேறு ஒன்றைச் சொல்லின. 134-ம் 108-ம் ஒன்றை ஒன்று தொடவே இல்லை. நடுவில் பெரிய வெட்டவெளி. இது தற்செயலாக வந்த வித்தியாசம் இல்லை.

மொத்தத்தைத் தள்ளி வையுங்கள், இடைவெளியைப் பாருங்கள்

நான் சொல்ல வந்ததே இதுதான். மொத்தம் 124 என்பது என் மகளின் எந்த ஒரு பகுதியையும் காட்டவில்லை. அவள் 124 அளவில் கணக்குப் போடுவதில்லை, 124 அளவில் எழுதுவதும் இல்லை. பாயசத்தையும் ரசத்தையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிச் சுவை பார்த்தது போல அந்த எண்.

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, எல்லா உட்பகுதிகளையும் மேலிருந்து கீழே, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண் வரை எழுதுங்கள். அறிக்கையில் இருக்கிற வரிசையை மறந்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிள்ளை அந்த நேரத்தில் உண்மையில் என்ன செய்தாள் என்று எழுதுங்கள். காதால் கேட்டாளா, வாயால் சொன்னாளா, கையால் எழுதினாளா, கடிகாரம் ஓடியதா?

நான் எழுதி முடித்தபோது மேசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலே இருந்த நான்கும் யோசித்து வாயால் சொல்வது அல்லது ஓரிரு எண்களை எழுதுவது. நேரக் கட்டுப்பாடு இல்லை. கீழே இருந்த நான்கும் பென்சில் பிடிக்க வேண்டியவை, அதில் இரண்டுக்குக் கடிகாரம். பாடம் வாரியாகப் பார்த்தபோது கணக்கிலேயே 142-ம் 103-ம் இருந்ததால் ஒன்றும் புரியவில்லை. கை வாரியாகப் பார்த்தபோது பளிச்சென்று புரிந்தது. சாயங்கால அழுகை எங்கிருந்து வந்தது என்றும் அப்போதுதான் தெரிந்தது. அவள் தலையில் ஓடுகிற வாக்கியத்துக்கும் விரலில் இறங்குகிற வாக்கியத்துக்கும் நடுவில் அவ்வளவு தூரம். அதைச் சோம்பல் என்று நான் ஒரு வருஷம் திட்டியிருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இடைவெளி இருந்தாலே குறைபாடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிகக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு எண்கள் மேலும் கீழுமாக இருப்பது சகஜம். வேகத்தை அளக்கிற பகுதிகள் பெரும்பாலும் மற்றவற்றைவிடக் கீழேதான் இருக்கும். நிதானமாக யோசிக்கிற பிள்ளை கடிகாரத்தோடு போட்டி போட்டுக் கூட்டல் போட அவசரப்பட மாட்டாள். அதனால் ஆலோசகரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். இந்த வித்தியாசம் தற்செயலைத் தாண்டியதா என்பது ஒன்று. இவ்வளவு வித்தியாசம் எத்தனை பிள்ளைகளிடம் காணப்படுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை பேஸ் ரேட் என்பார்கள். நூறில் இருபது பிள்ளைகளுக்கு இருக்கிற இடைவெளிக்கும் நூறில் இருவருக்கு மட்டும் இருக்கிற இடைவெளிக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. எங்கள் தாளில் அது அரிதான வகை.

ஐக்யூவோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். ஐக்யூ 140 உள்ள பிள்ளை எல்லாவற்றிலும் 140 எடுக்க வேண்டும் என்று பல பெற்றோர் எதிர்பார்க்கிறோம். இரண்டுக்கும் உள்ள தொடர்பு முழுமையானது இல்லை. முழுத் தொடர்புக்கு 1 என்றால், இங்கே தொடர்பு 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-க்கு மேலே உள்ள 40-ல் 0.6 பங்கு 24, ஆகவே எதிர்பார்க்க வேண்டியது 124 தான். ஆகவே 125 எடுத்த பிள்ளையை "திறமைக்கு ஏற்றபடி உழைக்கவில்லை" என்று சொல்வது அநியாயம்.

யாரோடு ஒப்பிட்டார்கள்?

மகள் செப்டம்பரில் பிறந்தவள், வகுப்பிலேயே சின்னவள். வயதை வைத்து ஒப்பிட்டபோது ஸ்பெல்லிங் 101. வகுப்பை வைத்து ஒப்பிட்டால் 96. எழுதியது ஒன்றே, சுற்றி நிற்கிற பிள்ளைகள்தான் மாறினார்கள். அறிக்கையின் ஏதோ ஒரு மூலையில் வயது நார்மா வகுப்பு நார்மா என்று சின்ன எழுத்தில் இருக்கும், தேடுங்கள். வகுப்பு தாண்டி ஏற்றப்பட்ட பிள்ளைக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு என்று ஒன்று: வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்வளம் கேட்கிற பகுதிகளில் எண் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். வீட்டில் பேசும் மொழி எது என்று சோதிக்கிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் அதற்காகத் தமிழை நிறுத்தாதீர்கள்.

உழக்கு சின்னதாக இருந்தால்

உழக்கு நிறைந்த பிறகு வழிகிற நெல்லுக்குக் கணக்கு கிடையாது. வகுப்பு அளவுத் தேர்வுகளும் அப்படித்தான். மாநிலத் தேர்வில் உச்ச மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அதற்கு மேல் எவ்வளவு தெரியும் என்று அந்தத் தேர்வு சொல்லாது. இதற்கு ஒரு வழியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1972-ல் செய்து காட்டினார். கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதுகிற எஸ்ஏடி தேர்வை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எழுத வைத்தார். பள்ளித் தேர்வில் எல்லோரும் 99-ல் நெருக்கியடித்து நின்ற பிள்ளைகள், பெரிய உழக்கில் அளந்ததும் நீண்ட வரிசையாகப் பிரிந்து நின்றார்கள். வகுப்புக்கு மேற்பட்ட தேர்வு என்கிற யோசனை இன்றுவரை பயன்படுகிறது. பிள்ளை எப்போதும் 99-லேயே நின்றால், அவளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று தெரிய அப்படி ஒரு தேர்வைக் கேளுங்கள். எங்களுக்கு வயாட்டே போதுமானதாக இருந்தது. ஆனால் ஆலோசகரிடம், "கணக்கில் கடைசிக் கேள்வி வரை போனாளா?" என்று கேட்டேன். போகவில்லை, அதற்கு முன்பே நின்றாள் என்றார். அப்படியானால் 142 உண்மையான 142. கடைசிவரை போயிருந்தால் அது "குறைந்தபட்சம் 142" ஆகியிருக்கும்.

மேப் இறங்கினால் பதறுவதற்கு முன்

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் கணக்கு மேப் 219. குளிர்காலத்தில் 216. பெர்சென்டைல் 99-லிருந்து 93-க்கு விழுந்துவிட்டது. டியூஷனுக்குப் போன் போடவே எடுத்துவிட்டேன்.

மூன்று புள்ளி என்பது அந்தத் தேர்வின் இயல்பான பிழை அளவு. அதற்குள், மற்ற பிள்ளைகள் நாலு மாதம் படித்து நடு மதிப்பு மேலே போயிருந்தது. 2020 நார்ம்படி (ஒப்பிடுவதற்கான அட்டவணைப்படி) மூன்றாம் வகுப்புக் கணக்கில் நடு மதிப்பு ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 188, குளிர்காலத்தில் சுமார் 196. நின்ற இடத்தில் நின்றாலே பெர்சென்டைல் இறங்கிவிடும். அப்புறம் தாளில் எழுதிய நேரம் கண்ணில் பட்டது. முதல் முறை 58 நிமிடம், இரண்டாம் முறை 24 நிமிடம். விடுமுறைக்கு முந்தைய வாரம், சீக்கிரம் முடித்தவர்களுக்குப் படம் வரையலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வசந்தகாலத்தில் 227 வந்தது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தத் தேர்வு பிள்ளையின் பதிலுக்கு ஏற்ப கேள்வியைக் கடினமாக்கும், எளிதாக்கும். எந்தப் பிள்ளைக்கும் ஏறக்குறைய பாதிக் கேள்வி தவறாகத்தான் போகும்.

கூட்டத்துக்குப் போகும்போது

நியூ ஜெர்சியில் பிள்ளைக்குச் சிறப்பு உதவி பெறும் தகுதி உண்டா என்று முடிவு செய்யும் கூட்டத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகவே சோதனை அறிக்கைகளின் நகல் பெற்றோருக்குத் தரப்பட வேண்டும். அந்தப் பத்து நாளில்தான் மேலே சொன்ன வெள்ளைத்தாள் வேலையைச் செய்ய வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்து முதல் முறை படித்தால் "ஆவரேஜ்தான்" என்கிற சொல்லைத் தாண்டி எதுவும் காதில் விழாது.

பிள்ளை கெட்டிக்காரி என்பதற்காக மட்டும் சைல்டு ஸ்டடி டீம் சோதிக்காது. சிரமம் ஒன்று இருக்கிறது என்று நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். நான் என் கடிதத்தோடு இரண்டு தாள் இணைத்தேன். ஒன்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய கதை, ஒன்றரைப் பக்கம். இன்னொன்று அதே கதையை அவளே எழுதியது, மூன்று வரி. எண்களைவிட அந்த இரண்டு தாளும் அதிகம் பேசின. பிறகு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் அவள் கையைச் சோதித்தார். முடிவில் 504 திட்டம் ஒன்று போட்டார்கள். வழக்கமான வகுப்பிலேயே பிள்ளைக்குத் தேவையான வசதிகளை எழுதிவைக்கிற திட்டம் அது. நீளமாக எழுதுவதைத் தட்டச்சு செய்யலாம், எழுத்து வேலைக்குக் கூடுதல் நேரம், அறிவியல் தாளில் ஸ்பெல்லிங்குக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். அதே நாளில் கணக்குக்கு நாலாம் வகுப்பில் போய் உட்காரவும் கேட்டேன். இரண்டையும் ஒரே கூட்டத்தில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உதவியும் வேண்டும், மேற்பாடமும் வேண்டும். ஒரே பிள்ளைதான்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

எண்களை அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் சோதனை முடிந்து வந்த அன்றே அவள் கேட்டாள்: "அம்மா, நான் எத்தனை தப்பு பண்ணேன்? கடைசியில எல்லாமே தப்பு." கேள்விகள் ஏறிக்கொண்டே போகும், தொடர்ந்து சில தப்பு வரும்வரை நிறுத்த மாட்டார்கள், அதனால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தப்போடுதான் முடிப்பார்கள் என்று அப்போது எனக்கே தெரியாது. முன்பே தெரிந்திருந்தால் காலையில் காரில் போகும்போதே சொல்லியிருப்பேன். நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அறிக்கையைப் படித்து முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இப்படிச் சொன்னேன்: "உன் தலையில கதை வேகமா ஓடுது. கை இன்னும் நடக்கத்தான் பழகுது. கை பழகுற வரைக்கும் கதை காத்திருக்க வேண்டாம், டைப் பண்ணலாம்." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். நான் அப்படிச் சொன்னது தப்பு என்றும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஆச்சி வீட்டு மாடியில் குட்டி போட்ட பூனையைப் பற்றி இரண்டு பக்கம் தட்டச்சு செய்தாள். "திண்ணை" என்பதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டாள்.